ஏரிக்கரையில் நான் மொழிபெயர்த்த செய்தி

எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆகஸ்ட் மாதம் நடந்தது இது. அப்போது நான் சுவிஸின் சூக் நகரில் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான். வந்ததிலிருந்து அவள் சரியாகக் கதைப்பதில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை, அவ்வளவுதான். ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். எனக்கு அது பெரிய மனக்கவலை.

இதை எங்கள் குசினியில் சமைக்கும் சுவிஸ் பெண்மணியிடம் சொன்னேன். சுவிஸ்காரருக்கு எந்த வருத்தத்துக்கும் மருந்து மலைதான். உணவகம் பூட்டும் திங்கட்கிழமை, எங்கள் இருவரையும் ஒரு மலை ஏரிக்குக் கூட்டிப் போனார். மனைவி சேலைக்கு மேல் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தாள். ஏறி முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவர்கள் இருவரும் முன்னுக்குப் போய் ஏரிக்கரையில் காத்திருந்தார்கள். அந்தக் கோடையிலும் அக்கரையில் பனி கிடந்தது. சம்பலின் உறைப்பில் பெண்மணியின் மூக்கு சிவந்ததைப் பார்த்து மனைவி சிரித்தாள். இங்கே வந்தபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திடீரென்று மலைக்குப் பின்னால் ஹெலிகொப்டர் சத்தம். எனக்கு விளங்குமுன்பே மனைவி பாய்ந்து, அந்தப் பெண்மணியைப் பாறையடியில் இழுத்து விழுத்தி, மேலே கவிழ்ந்து படுத்துவிட்டாள். ஹெலிகொப்டர் எங்கள் தலைக்கு மேலால் போனது. அதன் கீழே ஒரு வலையில் பசுமாடு தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

பெண்மணியின் முழங்கை உரசி இரத்தம் கசிந்தது. கோபிப்பாரோ என்று பயந்தேன். அவரோ மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, காயப்பட்ட மாட்டை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள், பயப்படாதே என்றார். அதைத் தமிழில் சொன்னேன். மனைவி என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்தே தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் வந்து சுட்டவங்கள். நான் பங்கர் குழிக்குள்ள ஓடிட்டன். மாமி வீட்டு முத்தத்தில நிண்டவ. எட்டி இழுக்க ஏலாமப் போச்சு. கதவைக் கழட்டி, அதில வைச்சுத்தான் ஆசுப்பத்திரிக்குத் தூக்கினனாங்கள். வழியிலயே உயிர் போயிட்டுது."

அவளுக்கு மாமி என்றால் எனக்கு அம்மா. அம்மா காய்ச்சலில் போனார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அதை நம்பி, இங்கே அகதி முகாம் அறையில் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி அழுது முடித்திருந்தேன்.

என்ன சொல்கிறாள் என்று பெண்மணி என்னைக் கேட்டார். தலை வேலை செய்யவில்லை, வாய் மட்டும் மொழிபெயர்த்தது. சுட்டார்கள், கதவில் தூக்கினார்கள், வழியில் இறந்தார் என்று எனக்குத் தெரிந்த குசினி ஜெர்மனில் சொன்னேன். மாமி என்பதற்கு ஜெர்மன் சொல் வராமல் 'ஒரு அம்மா' என்றேன். யாருடைய அம்மா என்று கேட்டார்.

"என்னுடைய அம்மா."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அப்படியே புல்லில் இருந்துவிட்டேன். ஏன் மறைத்தாய் என்று மனைவியைக் கேட்டேன்.

"இஞ்ச தனிய இருக்கிற ஆளுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்றாள்.

அம்மா எப்படிச் செத்தார் என்பதை முதன்முதலில் என் வாயால் சொன்னது, அழக்கூடச் சொல் தெரியாத ஒரு மொழியில்தான்; தமிழில் சொல்வது இன்றைக்குத்தான், அதையும் எழுதத்தான் முடிகிறது.