இன்னொருத்தியின் பேட்ஜ்

"நேத்து வரைக்கும் இந்தக் கையாலதான் சாப்பிட்டாரு. இன்னைக்கு மட்டும் இது எப்படிடா வேற கையாச்சு?"

வேலை முடிந்து வந்த அக்கா, தன் கையை நீட்டிக் காட்டி இப்படிக் கேட்டாள்.

முதியோர் இல்லமொன்றில் அவளுக்கு வேலை. படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிட வேண்டும். தாத்தா காலத்தில் எல்லை தாண்டி வந்த குடும்பம் எங்களுடையது. நாங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். பேச்சில் வித்தியாசம் தெரியாது. பெயரைச் சொன்னால் தெரிந்துவிடும்.

அதனால் சேர்ந்த அன்றே மேற்பார்வையாளர் அம்மா, வேலையை விட்டுப் போன இந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயர் போட்ட பேட்ஜை நீட்டினார்.

"உன் பேரைப் பார்த்தா சில பேர் தொடவே விட மாட்டாங்கம்மா. இதைக் குத்திக்கோ."

அக்கா வீட்டில் அதைச் சிரிப்பாக்கினாள். "குத்திக்கிட்டா அவ, கழட்டிட்டா நான். ஒரு சம்பளத்துக்கு ரெண்டு ஆளுடா."

அங்கே ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் ஊட்டினாலும் துப்புவார். அக்காவுக்கு மட்டும் வாயைத் திறப்பார். "பிரேக் அடிக்காம ஊட்டுறவ இவ ஒருத்திதான்" என்பார். அப்பா இல்லாமல் வளர்ந்த அக்காவுக்கும் அவர்மேல் உயிர்.

ஒரு மதியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த மக எட்டிப் பார்க்கல. நீதாம்மா என் மக" என்று அழுதார். மகளே என்றவரிடம் இரவல் பெயரோடு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் பெயரைச் சொன்னாள்.

பெரியவர் கையை விடுவித்துக்கொண்டார். "நீ அவங்க ஆளா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். மறுநாள் அவள் நீட்டிய கரண்டிக்கு வாய் திறக்கவில்லை.

"உன்னை யாரும்மா கேட்டா?" என்று பேட்ஜைத் திரும்ப வாங்கிய மேற்பார்வையாளர் அம்மா, அவளைச் சலவை அறைக்கு மாற்றினார். அங்கே பேட்ஜ் தேவையில்லை, யாரும் வருவதில்லை. துணிகளுக்குத்தான் பெயர். கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு காலரிலும் உரியவர் பெயரைத் தைத்திருப்பார்கள். பெரியவரின் சட்டை வந்தால், கழுத்தில் உறுத்தாதபடி காலரை நீவிவிட்டு மடிப்பாள்.

போன வாரம் சொன்னாள்: "யாரு இவ்வளவு பதமா மடிக்கிறதுன்னு கேட்டாராம்."

"என்ன சொன்னாங்களாம்?"

"மிஷின்னு சொல்லிட்டாங்களாம்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

படிப்பை முடித்து நானும் வேலை தேடுகிறேன். போகுமிடமெல்லாம் முதலில் பெயரைத்தான் கேட்கிறார்கள்.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். முதியோர் இல்லத்தில் உங்களுக்கு வேண்டியவர் யாராவது இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள், சட்டையை மடிப்பது மிஷின் இல்லை என்று.