நல்ல நேரத்தில் நகர்த்திய மெஷின்

மேடத்தின் செருப்பு எப்போதும் கம்ப்யூட்டர் ரூம் சுவரை ஒட்டித்தான் கிடக்கும். உள்ளே தூசி போகக்கூடாதென்று கோயில் மாதிரி எல்லோரும் வாசலிலேயே கழற்றிவிடுவோம். தொண்ணூறுகளில், கணபதிப் பக்கம் ஒரு மில் ஆபீசில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். மகள் பொள்ளாச்சியில், மேடத்தின் அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். வேலை நிரந்தரமானதும் அவளைக் கூட்டிவந்து இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதுதான் மேடத்தின் பேச்செல்லாம். வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார்.

எந்த மெஷின் எந்த யூபிஎஸ்ஸில் கரண்ட் எடுக்கிறது என்பதில் ரொம்பக் கறார். "பக்கத்துல நிக்குதுன்னு அதுக்குத்தான் சொந்தம்னு நெனச்சுப்போடாதீங்க தம்பி, வயரப் புடிச்சுப் பாருங்க" என்பார்.

மில்லில் நஷ்டம் வந்தபோது வாஸ்து பார்க்க ஆள் வந்தார். கனமான சாமான் கன்னி மூலையில் இருக்கணும் என்றார். கம்ப்யூட்டர் ரூமின் அக்னி மூலையில் இருந்த பெரிய மெஷினை எதிர்க் கோடிக்கு நகர்த்த நல்ல நேரம் குறித்தார்கள். கற்பூரம் ஏற்றும் முன் பெரிய முதலாளி மேடத்திடம் வந்தார். குரலில் அத்தனை பணிவு.

"அம்மணி, நீங்க சித்த நேரம் வெளிய இருந்துக்குங்க. தப்பா நெனக்காதீங்க கண்ணு."

"ஆகட்டுங்க" என்று மேடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றார். தாலி இழந்தவர் நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நேரம் முடிவதற்குள் மெஷின் ஓட வேண்டும் என்ற அவசரத்தில், எலக்ட்ரீசியன் அக்னி மூலையில் இருந்த பழைய யூபிஎஸ்ஸிலிருந்தே நீளமாக ஒரு வயரைத் தரைப்பலகைக்கு அடியில் இழுத்துவிட்டிருக்கிறான். மேடம் கேட்டபோது, "கன்னி மூலை யூபிஎஸ்ஸுக்கே மாத்திப்போட்டேனுங்க" என்றான். பலகையைத் தூக்கிப் பார்த்துவிடலாம் என்றார் மேடம். பூசை போட்ட தரையை உடனே பேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள், பேட்டரி மாற்றுவதற்காக மேடம் அக்னி மூலை யூபிஎஸ்ஸை அணைத்தார். எதிர்க் கோடியில் பெரிய மெஷின் சத்தமில்லாமல் நின்றது. மில் கணக்கெல்லாம் இருந்த டிஸ்க் போயிற்று. டேப்பில் எடுத்து வைத்திருந்த நகலும் பாதிதான் திரும்ப வந்தது.

இப்போது சரவணம்பட்டியில் நான் பார்க்கும் டேட்டா சென்டரில், ஒரு மெஷினைத் தொட்டால் அதற்குக் கரண்ட் வரும் வழி முழுக்கத் திரையில் விரியும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமாகவே தெரிவதில்லை. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அந்த விஷயத்தில் மனசு மரத்துப்போய் ரொம்ப நாளாகிறது.

அன்று மெஷின் நின்றதற்கு மறுநாள் பெரிய முதலாளி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். காப்பி வந்தது.

"ரூமே உங்க பொறுப்புதானுங்களே அம்மணி. வயரு எங்க போகுதுன்னு நீங்க பாக்கலீங்களா?"

"நகத்தறப்ப நான் வெளிய நின்னுட்டிருந்தேனுங்க."

எலக்ட்ரீசியன் தரையைப் பார்த்தான். நான் காப்பியைப் பார்த்தேன். பெரிய முதலாளியின் குரல் மட்டும் மாறவேயில்லை.

"சரிங்க அம்மணி. கணக்கு முடிச்சு வாங்கிட்டு, பாத்துப் போயிட்டு வாங்க."

மகளைக் கூட்டிவரப் போக வேண்டிய பொள்ளாச்சி பஸ்ஸில், மேடம் அன்று சாயங்காலம் பெட்டியோடு ஏறினார்.