பரளச்சியிலிருந்து படுத்தபடி

குலசாமிதான் என் இரண்டு காலையும் பிடுங்கிக்கொண்டது என்று முதலில் நம்பினேன். காரணம் இருந்தது. பரளச்சிப் பக்கம் எங்கள் கோயிலில் வெட்டும் கிடாயின் கறியை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். எல்லை தாண்டக் கூடாது. நான் ஒரு தூக்குவாளி நிறைய ஒளித்து வைத்திருந்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு மலைபோலச் சோறு, அதற்கு மேல் சர்க்கரைப் பொங்கல். வேப்பமரத்தடியில் சாய்ந்தேன். நாலரைக்கு விழித்தால் இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ கிடந்தன.

"எந்திரிங்க மச்சான், வண்டி கெளம்புது" என்றான் என் மனைவியின் தம்பி.

"முடியல மாப்ள."

"தின்ன தீனிக்குக் கிரேன்தான் வரணும்."

நான் அழுததும் சிரிப்பை நிறுத்தினான்.

ஐந்து மணிக்கு அவனுடைய லோடு வண்டியில், அண்டாக்களோடு அண்டாவாக ஏற்றினார்கள். அருப்புக்கோட்டை வரைக்கும் கரிசலும் சீமைக்கருவேலமும்தான். பாதி வழியில் கையும் கனத்தது. அடுத்து நெஞ்சுதான் என்று நினைத்தேன். விசைத்தறியில் நின்று பிழைக்கிறவன் நான். கால் போனால் மிச்சம் வாய்தான், அதுவும் உலர்ந்துவிட்டது.

"ஏ புள்ள, வண்டியத் திருப்பச் சொல்லு. அந்தத் தூக்குவாளிய சாமிகிட்டயே வச்சுருவோம்."

"அந்தக் கறியவா? பயந்துபோயி அப்பவே பந்தியில கொட்டிட்டேனே" என்றாள் மனைவி.

இருந்த ஒரே வழியும் அடைபட்டது. சாமிக்கு என்மேல் கோபமே இல்லையென்றால் யார் காலில் போய் விழுவது? விழுவதற்கும் எனக்குக் கால் வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் மதியம் தின்ற கதையைக் கேட்டுவிட்டு ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "கொஞ்ச நாளா இளைச்சீங்களா? படபடப்பு?" என்று கேட்டார்.

"வெயில்னு நெனச்சேம்மா."

"தைராய்டு அதிகமாச் சுரக்குது போல. ஒவ்வொரு செல்லோட சவ்வுலயும் பம்பு இருக்கு. சக்தியச் செலவழிச்சு மூணு சோடியத்தை வெளிய தள்ளி, ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுக்கும். தைராய்டு அதை முடுக்கி விட்டுருச்சு. அந்தச் சோத்துக்குச் சுரந்த இன்சுலினும் சேர்ந்துக்கிச்சு. ரத்தத்துல இருந்த பொட்டாசியம் தசைக்குள்ள போயிருச்சு. வெளிய குறைஞ்சா தசை சொன்ன பேச்சு கேக்காது."

"எங்க கெணத்து மோட்டாருக்கே கரண்டு வராது. எனக்குள்ள இத்தனை பம்பு ஓடுதா?"

யாரும் சிரிக்கவில்லை. "இதயத் துடிப்பு தடுமாறுது. அதத்தான் பார்க்கணும். தைராய்டு அடங்குற வரைக்கும் மறுபடியும் வரலாம்" என்றார். மனைவி சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பொட்டாசியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். விடிந்ததும் கட்டைவிரல் அசைந்தது. எட்டு மணிக்கு மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை நடந்தேன்.