அப்பா கண்ணயர்ந்த காலம்

விறாந்தையின் வெறும் சீமெந்துத் தரையில், ஒரு கையை மடித்துக் கண்களின் மேல் போட்டபடி அப்பா மல்லாந்து கிடப்பார். எங்கள் குருநகர் வீட்டில் அதற்குக் கண்ணயர்வது என்று பேர். நித்திரை என்பது வேறு. அது பாயும் தலையணையுமாக ஊரார் இரவில் கொள்வது. இரவெல்லாம் கடலில் வலையோடு நின்ற மனிதர், காலையில் பழஞ்சோறு சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்வார், அவ்வளவுதான். "அப்பா கண்ணயருறார்" என்று அம்மா உதட்டில் விரலை வைத்தால் நானும் தம்பிமார் இருவரும் மூச்சுக் காட்ட மாட்டோம். அம்மி ஓயும், றேடியோ ஓயும். கடலுக்குப் போகிறவரை இடையில் எழுப்பினால் அவர் கடலில் கவனம் பிசகுவார் என்று எங்கள் தெருவுக்கே பயம். பங்குச் சுவாமியார்கூட ஒருமுறை படலை வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார்.

பிறகு போர் காரணமாகக் கடலில் இறங்கக் கூடாது என்று தடை வந்தது. வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மாதங்கள் போயின. ஆனாலும் காலை பத்து மணிக்கு அப்பா அதே இடத்தில் படுத்தார், அம்மா எங்களை அதட்டினார். அம்மியில் அரைக்க ஒன்றுமில்லாத வீட்டில் என்ன சத்தம் வரப்போகிறது? எனக்குப் பதினான்கு வயது, கோபம் கோபமாக வரும். உண்மையாகக் கண்ணயர்ந்த நாட்களில் அப்பாவின் வாய் சற்றுத் திறந்திருக்கும். இப்போது அது இறுகியே இருந்தது.

ஒரு நாள் நிவாரணத்துக்குப் பெயர் பதிகிறவர் கொப்பியோடு படலைக்கு வந்தார். குடும்பத் தலைவர் கையெழுத்து வைத்தால்தான் அரிசியும் மாவும்.

"இப்பதான் கண்ணயர்ந்தவர், தம்பி" என்றார் அம்மா.

"ஒரு கையெழுத்துத்தானே அக்கா, எழுப்புங்கோ. நான் திரும்பி வரமாட்டன்."

"கடலுக்குப் போற மனுசனை எழுப்பக் கூடாது, தம்பி."

அவர் கரைப்பக்கம் ஒருமுறை பார்த்தார். கொப்பியை மூடிக்கொண்டு போனார். நான் அப்பாவைப் பார்த்தேன். மடித்த கையின் கீழே கண்கள் திறந்திருந்தன. யாரிடமும் கை நீட்டிப் பழகாத மனிதர், படுத்தே கிடந்தார். அன்று அவரை நான் வெறுத்தேன். இன்று அவருடைய வயதைத் தாண்டிவிட்டேன், வெறுக்க முடியவில்லை.

அடுத்த கிழமை கடைசித் தம்பி பசியில் மயங்கி விழுந்தான். மறுநாளே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பதிவு நடந்த இடத்துக்குப் போனார். வரிசையில் நிற்கும்போது தாலியை எடுத்துச் சட்டைக்குள் விட்டார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

"மனுசன் இருக்கிறாரோ?" என்று மேசையில் இருந்தவர் கேட்டார்.

"இல்லை" என்றார் அம்மா.

அவர் நிவாரண அட்டையில் விதவை என்று எழுதி முத்திரை குத்தினார். வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டு வந்தார். "அப்பாட்டைச் சொல்லிப்போடாதை" என்றது மட்டும்தான் அவர் கதைத்தது.

இரண்டு மாதம் அந்த அரிசியைத்தான் தின்றோம். அப்பாவும் தின்றார், எங்கிருந்து வந்ததென்று கேட்கவில்லை. ஒரு நாள் அம்மா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த அட்டை கீழே விழுந்தது. அப்பாதான் எடுத்தார். நிதானமாக வாசித்தார், திரும்பவும் அதே இடத்தில் செருகினார். போய் விறாந்தையில் படுத்தார். கையைக் கண்ணுக்கு மேல் போடவில்லை.

தம்பிமார் சத்தம் போட்டு விளையாடினார்கள். அம்மா அவர்களை அதட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"பிள்ளை" என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். "இனி ஆர் வந்தாலும் என்னை எழுப்பு."

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போய் அரிசி களையத் தொடங்கினார்.