பிந்தி வரும் குரல்

ஜெர்மனியில், முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் அவளும் நானும் எட்டு வருடங்கள் படுக்கை விரிப்புகளை மடித்தோம். அவள் லெபனானில், பாலஸ்தீன அகதி முகாமொன்றில் பிறந்தவள். அவளுடைய ஜெர்மன் வதிவிட அட்டையில் நாடு என்ற இடத்தில் 'தெளிவில்லை' என்றிருக்கும். "நானும் அகதியாய் வந்தனான்தான், ஆனா எனக்கு இலங்கை எண்டாவது எழுதினவங்கள். நீ வெறும் பனிப்புகார்" என்று சீண்டுவேன். சிரிப்பாள். நாங்கள் பேசியது ஜெர்மன். என் நினைவில் அது தமிழாகவே இருக்கிறது.

முகாமில் அவளுடைய தாய் படுத்த படுக்கை. பயணப் பத்திரம் இல்லாமல் பார்க்கப் போனால் இங்கே திரும்பி வர முடியாது. விண்ணப்பம் கொடுத்துவிட்டு, வெளிநாட்டவர் அலுவலகம் டெர்மின், அதாவது நேரில் வரச்சொல்லி ஒரு நாள், தரும்வரை காத்திருந்தாள். மாதங்கள் போயின. அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

தாய் தினமும் கைபேசியில் குரல் பதிந்து அனுப்புவாள். முகாமில் மின்சாரம் வந்தால்தான் அது புறப்படும். முதல்நாள் கதை மறுநாள் வந்து சேரும். "பழஞ்சோறு வந்திட்டுது" என்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தாய் இறந்துவிட்டாள். அன்றே அடக்கமும் முடிந்தது. இவள் அழவில்லை, வேலைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், இயந்திரங்கள் ஓய்ந்திருந்தபோது, அவளுடைய கைபேசி அதிர்ந்தது. தாயின் குரல். அங்கே மின்சாரம் வந்திருக்கிறது, யாரோ அந்தக் கைபேசியைச் சார்ஜில் போட்டிருக்கிறார்கள். அது விளங்கியும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதலில் இருமல், பிறகு நாலைந்து சொற்கள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"படியில காலடி கேக்குதாம். நீதானே, ஏன் மேல வராமல் நிக்கிறாய் எண்டு கேக்கிறா."

அவள் பொத்தானை அழுத்திப் பதில் பேசினாள். எனக்கு அரபு தெரியாது. பேசிய விதத்தில் 'வாறன்' என்றுதான் பட்டது. பயந்துபோய் அவளுடைய கையைப் பிடித்தேன்.

அடுத்த வாரமே டெர்மின் வந்தது. துணைக்குப் போனேன். தாய் இறந்ததைச் சொல்லிவிடு என்று வழியெல்லாம் சொன்னேன். அதிகாரி பழைய விண்ணப்பத்தைப் புரட்டி, நோயுற்ற தாயைப் பார்க்க என்று எழுதியிருக்கிறது, காரணம் இப்போதும் அதுதானா என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் அவள். "அம்மா என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறா."

அவர் முத்திரையைக் குத்தினார். பத்திரத்தை நான்தான் வாங்கி அவளுடைய கைப்பையில் வைத்தேன்.