மூடியில் எழுதிய நாலு சொல்

படித்த புத்தகத்தை நாலு சொல்லில் சொல்லிவிடுவேன் என்ற திமிர் ஒரு காலத்தில் எனக்கு இருந்தது. அதற்குத் திமிர் என்றுதான் பெயர். அப்போது வயது இருபத்திரண்டு. ப்ளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு மார்க் பத்தாமல், விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஊறுகாய் ஜாடி செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பீற்றிக்கொள்ள என்னிடம் வேறு எதுவும் இல்லை. இரண்டாயிரத்து மூன்று வாக்கில் நடந்தது இது.

முதல் சூளையில் வெந்து வரும் ஜாடிகளையும் மூடிகளையும் தட்டிப் பார்ப்பது என் வேலை. பக்கத்திலேயே மண் அரைக்கும் மில் உருண்டுகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் எதையும் காதோரம் வைத்துத்தான் தட்ட வேண்டும். நல்ல மூடி கணீரென்று கேட்கும். கீறல் விழுந்ததில் சத்தம் செத்துப்போயிருக்கும். தேறியவற்றின் உள்பக்கம் பென்சிலால் என் குறியைப் போட்டு எதிர்ப்பக்கம் தள்ளுவேன். அங்கே பளபளப்புக்கான கிளேஸ் பூச்சுத் தொட்டியருகே ஓர் அக்கா நிற்பாள். மூடியை வாங்கி, அந்த வெள்ளைப் பாலில் முக்கி எடுத்து, பலகையில் அடுக்குவாள். எல்லாம் மறுபடி சூளைக்குப் போகும். இரண்டாவது சூட்டில் பென்சில் எழுத்து எரிந்துவிடும். வெளியே வரும்போது மூடி பளபளவென்று இருக்கும், எழுதிய தடம் இருக்காது.

அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கை நீட்டுகிற ஆள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு நல்லூர்ப் பக்கம் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து தினம் பஸ் பிடித்து வேலைக்கு வருவாள். இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. டீ நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

கிளை நூலகத்தில் எடுத்த புத்தகம் எப்போதும் என் சாப்பாட்டுப் பைக்குள் இருக்கும். ஒருநாள் டீ நேரத்தில் அது என்ன கதை என்று கேட்டாள். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். கதாநாயகனின் தாத்தா ஊரைவிட்டு வந்ததைச் சொல்லி, அப்பா கல்யாணத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. கதாநாயகன் பிறக்கவே இல்லை. சுருக்கமாகச் சொல்ல உனக்குத் தெரியாதா பாப்பா என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள். எனக்குச் சுருக்கென்றது. தெரியாதா? மறுநாளே ஒரு மூடிக்குள் என் குறிக்குப் பதிலாக எழுதித் தள்ளினேன்: 'அண்ணன் தம்பி. ஒரே கிணறு. பேச்சில்லை.'

அக்கா பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஊரில் சாயங்கால வகுப்பு நடந்தபோது எழுத்துக்கூட்டப் படித்திருந்தாள். ஈரக்கையில் மூடியைப் பிடித்து, உதடு அசைய அசைய ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்தாள். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு முக்கி எடுத்தாள். கதை வெள்ளைக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. நாலைந்து சொல்லுக்கு மேல் எழுத முடியாது. எழுதினால் அவள் படித்து முடிப்பதற்குள் ஜாடிகள் தேங்கி, சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பார். அதனால் எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் பாதியிலேயே என் மனசு அந்த நாலு சொல்லைத் தேட ஆரம்பித்துவிடும். துப்பறியும் நாவலுக்கு 'கொன்றது டாக்டர். பாவம், நல்லவர்' என்று எழுதினேன். யாத்திரைப் புத்தகத்துக்கு 'நடந்தார், நடந்தார், கால் வீங்கியது.' ஒரு கவிதைத் தொகுப்புக்கு 'மழை. மறுபடியும் மழை.' அன்றைக்கு அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அரைகுறையாகப் படித்த புத்தகங்களுக்கும் எழுதியிருக்கிறேன். ஆசிரியர் முந்நூறு பக்கம் உழைத்ததை நான் மூடியில் அடக்கிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

எந்தக் கதையாக இருந்தாலும் டீ நேரத்தில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அவளுக்குப் புள்ள இருக்குதா? கதையில் வரும் பெண்ணைத்தான் கேட்கிறாள். பெண்ணே இல்லாத யாத்திரைப் புத்தகத்துக்கும், நடந்தவரின் வீட்டுக்காரிக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றால் நிம்மதியாக டீயைக் குடிப்பாள். இல்லை என்றால் உச்சுக்கொட்டுவாள். நான் அதைக் கிண்டல் செய்வேன்.

அந்தச் சித்திரையில் ஒரு நாவல் எடுத்தேன். ஒருத்தி புகுந்த வீட்டைவிட்டு மழையில் இறங்கிப் போகிறாள். நெசவாளர் ஊர் ஒன்றில் நாலு வருஷம் தனியாகப் பிழைக்கிறாள். பிறகு திரும்பி வருகிறாள். வாசற்கதவு திறந்திருக்கிறது. அந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை, இன்னும் அறுபது பக்கம் இருந்தது. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ள அந்த வீட்டுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கதவு திறந்திருந்தது அதற்காகத்தான். அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடியும் நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் பிணமாகத்தான் அந்த வாசலைத் தாண்டுகிறாள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தை நான் முழுசாகப் படித்திருந்தேன். இருந்தும் மூடியில் எழுதியது இதுதான்: 'போனவள் திரும்பினாள். கதவு திறந்திருந்தது.'

அழகாக இருந்தது. மேற்கொண்டு ஒரு சொல் சேர்த்தாலும் கெட்டுவிடும் என்று தோன்றியது. அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். இரண்டு முறை எழுத்துக்கூட்டினாள். அன்றைக்கு டீ நேரத்தில் மட்டும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. என் வரியை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்தேன்.

அண்ணன் வீட்டில் பத்து நாளாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. புருஷன் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். இனிமேல் கை நீட்ட மாட்டான் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சத்தியம் செய்திருக்கிறான். அண்ணி தன் பிள்ளைகளுக்கே இடம் பத்தவில்லை என்று ஜாடையாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். அக்கா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து கை கழுவும்போது, திங்கள்கிழமையிலிருந்து வரமாட்டேன் என்றாள். நான் ஏன் என்று கேட்பதற்குள் சாப்பாட்டுப் பையைத் திறந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் காட்டினாள். அந்த மூடி. தொட்டியில் முக்காமல் ஒளித்து வைத்திருந்தாள்.

"நாலு நாளா இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். போயித்தான் பாப்பமேன்னு தோணிச்சு பாப்பா. கதவத் தொறந்து வச்சிக்கிட்டுத்தான கூப்புடுறாங்க."



"அக்கா, கதை அதோட முடியலக்கா. இன்னும் இருக்குது."

அவள் என்ன என்று கேட்பதுபோல் நின்றாள். சொல்லியிருக்கலாம். கம்பெனி கேட்டுக்கு வெளியே அவள் புருஷனின் அண்ணன் வண்டியோடு நின்றிருந்தார். மகள் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. புதுக் கவுன். அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.  எல்லாவற்றையும் நாலு சொல்லில் அடக்கத் தெரிந்த எனக்கு, 'போவாதீங்கக்கா' என்ற ஒரு சொல் வரவில்லை. வண்டியில் ஹாரன் அடித்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போயிட்டு வரேன் என்றாள்.

ஒரு வரியைப் படித்துவிட்டா ஒருத்தி புருஷன் வீட்டுக்குப் போவாள், அண்ணி பேச்சுத் தாங்காமல்தானே போனாள் என்று எனக்கு நானே பல தடவை சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மையாகக்கூட இருக்கலாம். கிளேஸ் தொட்டிக்கு வேறொரு பெண் வந்தாள். நன்றாகப் படிக்கத் தெரிந்தவள். அவளுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. மூடியில் என் குறியை மட்டும் போட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் புறப்படத் தயாராக நின்ற திட்டக்குடி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ பாப்பா என்று கூப்பிட்டார்கள். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முகம் வேறாகியிருந்தது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆறிப்போன தழும்பு. சூளை வேலையில் வரும் தழும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது அல்ல. பக்கத்தில் மகள் வளர்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருந்தது.

புருஷன் கடையில் பீடி வாங்கப் போயிருப்பதாகச் சொன்னாள். நான் நல்லா இருக்கீங்களாக்கா என்று கேட்டேன். கேட்ட வாயைத் தைக்கலாம். அவள் சிரித்தாள், பல் இல்லாத இடம் தெரியக்கூடாதென்று உதட்டை மூடிக்கொண்டு.

"கதவு தொறந்துதான் இருந்துச்சு பாப்பா. நீ எழுதுனது பொய்யில்ல."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலை. அவள் என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள். அந்த மூடி இன்னும் பெட்டியில் இருக்கிறதாம். கைபட்டுக் கைபட்டு எழுத்து அழிந்துபோனாலும் வரி மனப்பாடமாம்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். அக்கா கம்பிக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுவந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கி ஏதோ சொல்ல வந்தியே. வந்ததுக்கப்புறம் அவ என்னா பண்ணா, அந்தப் புக்குல?"

கடைப்பக்கமிருந்து அவள் புருஷன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். எனக்கு இருந்தது அவன் நடந்து வரும் நேரம்தான். அறுபது பக்கமும் கண்முன்னால் வந்தன. மாமியாரின் கட்டில், யாரும் பேசாத வீடு, கடைசிப் பக்கத்து வாசல்.

"மறுபடியும் கெளம்பிட்டாக்கா. திரும்பி வரவேயில்ல."

 அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"புள்ள இருந்துச்சா அவளுக்கு?"

"இருந்துச்சு. கூட்டிக்கிட்டுத்தான் போனா."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து மகளின் தலையை ஒதுக்கிவிட்டாள். புருஷன் முன்படியில் ஏறினான். பஸ் நகர்ந்தது. அவள் கையாட்டவில்லை, நானும் ஆட்டவில்லை.

பிறகு அவளை நான் பார்க்கவில்லை. நல்லூர்ப் பக்கமிருந்து வந்த ஒருத்தி, அக்கா மகளோடு திருப்பூர் போய்விட்டாள் என்றாள். இன்னொருத்தி அதெல்லாம் இல்லை, அங்கேதான் கிடக்கிறாள் என்றாள். எதை நம்புவதென்று தெரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அவள் கிளம்பியிருந்தாலும் பயமாக இருக்கிறது. கிளம்பாமல் இருந்திருந்தாலும் பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த நாவலில் அவளுக்குப் பிள்ளையே கிடையாது.