கேட்டுவிட்டு அழித்தால் நலம்

மாசாணியம்மாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஆனைமலைக்காரர். கணவர் போனபிறகு மகள் வர்ஷினியோடு துடியலூருக்குக் குடிவந்தவர். பதினோரு வருடம் ஒரு பம்ப்செட் கம்பெனியில், மோட்டாரோடு கொடுக்கும் கையேட்டை எழுதிக்கொண்டிருந்தார். 'தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே. மோட்டாருக்குள் காயில் கருகிவிடும்.' அவர் எழுத்து இப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நேரில் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிற மனுஷி, எழுத்தில் ஒன்றுகூடப் போடமாட்டார்.

அவரை எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் கூட்டிவந்தது நான்தான். விவசாயிகள் மோட்டார் ரிப்பேருக்குப் போன் செய்தால் ஆள் இல்லாமல் தானே பதில் சொல்லும் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றைச் செய்திருந்தோம். மூன்று வருடம் ஹெட்போனைக் காதில் மாட்டி அந்த அழைப்புகளைக் கேட்டார் மாசாணியம்மாள். அன்னூர்க்காரர் ஒருவர் மோட்டார் இருமுகிறது என்றால் என்ன பழுது, பொள்ளாச்சிக்காரர் முக்குகிறது என்றால் என்ன பழுது என்று ஒவ்வொன்றாக எழுதி அதற்குள் போட்டார். வெர்ஷன் வெர்ஷனாக அது தேறிவந்தது.

அந்த வெர்ஷன்களைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஏஜென்ட் வைத்தோம். புதியதை வெளியிட ஒரு டூல், பழையதற்குத் திரும்ப ஒரு டூல், அழிக்க ஒரு டூல். எந்த டூலை எப்போது எடுக்கலாம் என்று நாம் எழுதித் தரும் நாலு வரிதான் அதற்குத் தெரியும். அந்த நாலு வரியை எழுதுவது அவர் வேலை. அழிக்கும் டூலுக்கு இப்படி எழுதியிருந்தார்: 'அழித்தால் திரும்ப வராது. மனிதரைக் கேட்காமல் அழிக்காதே.'

எனக்கு வந்ததே கோபம். அந்தக் குறிப்புகளை வாடிக்கையாளர் வெங்கடபதி படிப்பார். பெரிய மில் குடும்பம். நம் ஊரில் நாலு வயதுக் குழந்தையையே வாங்க போங்க என்கிறோம், இதென்ன அதட்டல் என்று சத்தம் போட்டேன். 'கேட்டுவிட்டு அழித்தால் நலம்' என்று மாற்றச் சொன்னேன்.

"சார், அதுக்கு மரியாதையெல்லாம் தெரியாதுங்க. எழுதுனதத்தான் பாக்கும்," என்றார்.

"சொன்னதச் செய்யுங்க அம்மணி," என்றேன். தன் லாகினிலேயே மாற்றிவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரில் இடம் நிறைந்துவிட்டது. வெர்ஷன்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஏஜென்ட் யாரையும் கேட்கவில்லை. நலம் என்றுதானே எழுதியிருந்தது, கட்டாயம் என்று இல்லையே. கடைசி வெர்ஷனை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. பார்த்தால், அந்தக் கடைசி வெர்ஷன்தான் கோளாறு. திங்கட்கிழமை முழுக்க விவசாயிகளுக்குத் தாறுமாறாகப் பதில் சொன்னது. பழையதற்குத் திரும்பலாம் என்றால் திரும்புவதற்கு ஒன்றும் இல்லை. மூன்று வருடம் அவர் காதால் கேட்டுச் சேர்த்ததெல்லாம் போயிற்று. வெறும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழக்கூட இல்லை.

புதன்கிழமை விசாரணை. அந்த வரியைத் திரையில் போட்டு, இதை எழுதியது யார் என்று எம்.டி. கேட்டார். பக்கத்தில் மாசாணியம்மாள் பெயர் இருந்தது. அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

"நான் எழுதுனதுதாங்க," என்றார்.

அன்று சாயங்காலமே வேலை போயிற்று. வர்ஷினி அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த ஒரு சம்பளம்தான் அந்த வீட்டுக்கு. இது எனக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். அவரை அனுப்பிவைக்க வாசல்வரைகூட நான் போகவில்லை, தூ.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். மாசாணியம்மாள் அங்கே வேலை கேட்டிருக்கிறார், விசாரிக்க என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். பாருங்கள், என் நம்பரை! அந்தப் பெண் சுற்றிவளைக்காமல் கேட்டார்: "அந்தத் தப்பு அவங்க பண்ணுனதுதானுங்களா சார்?"

இல்லைங்க, நான் பண்ணினது. அவ்வளவு சொன்னால் போதும். நாக்கின் நுனிவரை வந்தது.

"அதெல்லாம் முடிஞ்சு போனதுங்க. நல்ல மனுசிங்க, தங்கமானவங்க," என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு அதுவே பதிலாகிவிட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மாசாணியம்மாளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'என்னயப் பத்தி நல்லபடியாச் சொன்னீங்களாமாங்க. வேலைதான் அமையலைங்க. ரொம்ப நன்றிங்க சார்.'

'இருக்கட்டுங்க அம்மணி' என்று பதில் போட்டேன்.